துவைத்துவிட்ட துப்பட்டா: இழைத் தடயமும் நம் வழக்குகளும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு காலனிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் முந்தைய இரவு தூக்கில் தொங்கியதாகத் தகவல். வேறு சாதிப் பையனோடு பழக்கம். பையன் வீட்டார் இரண்டு முறை வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள் என்று தாய் சொன்னார். "அவளா செஞ்சிக்கிற பொண்ணு இல்லம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் இருந்த துப்பட்டா எங்கே என்று கேட்டோம். வாசலில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா நல்லெண்ணத்தில் சோப்புப் போட்டுத் துவைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. விசாரிக்க வந்தவர்கள் அந்தத் துப்பட்டாவைக் கேட்கவே இல்லை.

வழக்கு தற்கொலை என்று முடிந்துபோனது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையா என்று தெரிந்துகொள்ள இருந்த வழிகளில் ஒன்று சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது.

அந்தத் துணி என்ன சொல்லியிருக்கும்? தன் கையால் துணியையோ கயிற்றையோ பிடித்து முடிச்சுப் போட்டவரின் உள்ளங்கையில் அதன் இழைகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. உடலைக் கழுவுவதற்கு முன் இரண்டு கைகளிலும் ஒட்டு டேப்பை அழுத்தி எடுத்தால் அந்த இழைகள் டேப்போடு வந்துவிடும். வந்தால், அவரே அதைக் கையாண்டார் என்பதற்கு வலு சேரும். கைகளில் ஒன்றும் இல்லாமல், கழுத்துப் பக்கம் வேறு யாருடைய சட்டையின் இழைகளோ இருந்தால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும். உத்தரத்தில் உராய்ந்த இடத்தில் இழைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தால், உடல் மேலே இழுத்துக் கட்டப்பட்டதா என்பதற்கும் ஒரு குறிப்புக் கிடைக்கலாம். இவற்றில் எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. பிரேதப் பரிசோதனையோடும் மற்றச் சாட்சியங்களோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சேர்த்துப் பார்க்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் நடத்தும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரையுள்ள இந்தத் தோல் பட்டையில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அப்பர் தைக்கும் ஒரு அக்கா சொன்னார்: "எங்க புடவைய உதறினாலே போதும், எந்த லைன்ல வேல செய்றோம்னு சொல்லிடலாம்." தைக்கிறவர் மேல் நைலான் நூல் துணுக்கு, பேஸ்டிங் போடுகிறவர் கையில் சொல்யூஷன், தோல் ஷாப்பில் பஃபிங் மிஷின் பக்கம் நிற்கிறவர் தலைமுடியெல்லாம் தோல் தூசி. குளித்த பிறகும் போகாத இந்தத் தூசிதான் குற்றவியலில் ஒரு தனிப் பாடம்.

அந்தப் பாடத்தை முறையாகத் தொடங்கியவர் பிரான்சின் எட்மண்ட் லோகார்ட். 1910-இல் லியோன் நகரத்தில் நீதிமன்றக் கட்டடத்தின் பரண் அறைகளில் காவல்துறை ஆய்வகம் ஒன்றை அமைத்தார். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒட்டும் என்பது அவர் நிலைநிறுத்திய கருத்து. ஒட்டியதை எப்படி எடுப்பது என்பதற்கு எளிய வழி சொன்னவர் சுவிட்சர்லாந்தில் சூரிச் காவல்துறையின் அறிவியலாளர் மேக்ஸ் ஃப்ரை-சுல்சர். 1951-இல் அவர் எழுதியது இவ்வளவுதான்: ஒட்டு டேப்பைத் துணியின் மேல் அழுத்தி எடுங்கள், இழைகள் எடுத்த இடத்தோடும் வரிசையோடும் பத்திரமாக இருக்கும். இன்றும் உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை.

குற்றவாளியே டேப்பைப் பயன்படுத்தியிருந்தால் தடயம் இன்னும் கூடும். கை, வாய் கட்டிய டேப்பின் ஒட்டும் பக்கத்தில் அவன் விரல் ரேகை, முடி, சட்டை இழை, தோல் செல் எல்லாம் சிக்கியிருக்கும். கிழித்த விளிம்பு, அவன் வீட்டில் மிச்சமிருக்கும் டேப் சுருளின் விளிம்போடு பொருந்தக்கூடும். ஆனால் நேரம் மிகக் குறைவு. உடுத்தியிருக்கும் துணியில் ஒட்டிய வேற்று இழைகளில் பெரும்பகுதி, நடமாட்டம் இருந்தால், முதல் நான்கு மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும் என்று 1970-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவே நம் மக்கள் மூன்று நாள் சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த மூன்று நாளில் எத்தனை நான்கு மணி நேரம் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இந்த அறிவியல் எங்கிருந்து தொடங்கியது என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் அமைந்தது. பிறகு 1853-இல் கல்கத்தா, 1864-இல் ஆக்ரா. இந்த ஆய்வகங்களுக்கு அதிகம் வந்தவை விஷ வழக்குகள். வட இந்தியாவில் அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரில் மாடு செத்தால், தோலுக்காகச் சமார் மக்கள் பாஷாணம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று புகார். செத்த மாட்டின் குடல் ஆய்வகத்துக்குப் போகும். பூச்சி அரிக்காமல் இருக்கத் தோல் வணிகத்திலேயே பாஷாணம் பயன்பட்ட காலம் அது. தோலைத் தொட்டவன் வீட்டில் பாஷாணம் இருந்தால் ஆச்சரியமில்லை, ஆனால் அதுவே குற்றத்துக்கு அடையாளமானது. கால்நடை நோயில் செத்த மாடுகளுக்கும் சேர்த்து ஒரு சாதியே விஷம் வைக்கும் சாதி என்று காலனிய ஆவணங்களில் எழுதப்பட்டது. செத்த மாட்டைத் தூக்க வைத்தவர்களே, அதைக் கொன்றது நாம்தான் என்றும் சொன்னார்கள். ஆக, நம் மக்களும் தடய அறிவியலும் முதலில் சந்தித்தது சந்தேகக் கூண்டில்.

இதே அறிவியல், அரசு மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குண்டு எங்கே இருந்தது, யார் வெடித்தது என்பது அன்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரனும் அவர் குழுவும் அந்தத் திடலில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். நீல டெனிம் துணி, வெல்க்ரோ பட்டை, ஒயர், பேட்டரித் துண்டு, பச்சையும் ஆரஞ்சுமான சுடிதாரின் மிச்சங்கள். இவற்றை உடல் சிதறிய விதத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான், ஒரு பெண் தன் உடையின் உள்ளே பெல்ட்டில் குண்டைக் கட்டியிருந்தாள் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஓர் அங்குலத் துணியும் வீணாகவில்லை.

அந்த வழக்கின் இன்னொரு முனை நம் பக்கத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டை அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஊர்ப் பையன் பேரறிவாளன் 19 வயதில், 1991 ஜூன் 11 அன்று கைதானார். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடா சட்டப்படி காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த வாக்குமூலம் அவருக்கு எதிரான முக்கியச் சாட்சியம். 1999-இல் உச்ச நீதிமன்றம் அவரது மரண தண்டனையை உறுதி செய்தது. 2011 செப்டம்பர் 9 அன்று வேலூர்ச் சிறையில் தூக்கு என்று தேதியும் குறித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. 2013-இல், ஓய்வு பெற்ற அந்த அதிகாரி தியாகராஜனே வெளியில் சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. 2014-இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று விடுதலை. முப்பத்தொரு ஆண்டுகள் அற்புதம்மாள் நடையாய் நடந்தார்.

ஒரே வழக்கில் இரண்டையும் பார்க்கிறோம். டெனிம் துண்டு தான் இருந்ததைச் சொன்னது. மனிதர் சொன்னதோ, எழுதுகிறவர் கையில் ஒரு வாக்கியம் குறைந்து போனது. வாக்குமூலத்தை மட்டும் நம்பும் விசாரணை ஏழைகளுக்கு ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். காவல் நிலையத்தில் அடித்து வாங்க முடியாத சாட்சியம் இழைதான்.

ஆனால் இழையை வாசிப்பவரும் மனிதர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. டேப் முறையைத் தந்த ஃப்ரை-சுல்சர்தான் பின்னாளில் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று வந்த போலிக் கையெழுத்தை உண்மை என்று சொல்லிச் சறுக்கினார். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் அதே போலியானவரின் கை இருந்தது. இழைத் தடயத்துக்கு எல்லையும் உண்டு. இது இந்தச் சட்டையிலிருந்துதான் வந்தது, வேறெதிலிருந்தும் வர முடியாது என்று அது சொல்லாது. இப்படிப்பட்ட துணியிலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் சொல்லும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் வலியுறுத்தியது. வெள்ளை வேட்டிப் பருத்தி இழை கிடைத்தால் தமிழ்நாட்டில் அது பாதிப் பேரைக் காட்டும். நீல ஜீன்ஸ் இழையும் அப்படித்தான். அபூர்வமான நிறம், அபூர்வமான வடிவம், ஒன்றுக்கு மேற்பட்ட வகை இழைகள் ஒன்றாகப் பொருந்துவது, இவைதான் வழக்கைத் தாங்கும்.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். 1979 முதல் 1981 வரை அங்கே முப்பதுக்கு நெருக்கமான கறுப்பினக் குழந்தைகளும் இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆரம்பத்தில் வீட்டைவிட்டு ஓடிப்போன பையன்கள் என்று ஒதுக்கினார்கள். மகனைப் பறிகொடுத்த கமில் பெல் என்ற தாய் மற்றத் தாய்மார்களையும் சேர்த்து 1980-இல் அமைப்புக் கட்டி நகரத்தை உலுக்கிய பிறகுதான் பெரிய விசாரணை வந்தது. உடல்களில் மஞ்சள் கலந்த பச்சை நைலான் இழை கிடைத்தது. குறுக்குவெட்டு வடிவம் வழக்கத்துக்கு மாறானது. எந்தக் கம்பெனி அந்த நூலைச் செய்தது, யார் அதை வாங்கிக் கம்பளம் நெய்தார்கள், அந்த நிறத்தில் எவ்வளவு விற்றார்கள் என்று ஆலைக் கணக்கு வரை போய்த் தேடினார்கள். அந்தப் பகுதியில் ஒரு வீட்டில் அந்தக் கம்பளம் இருக்க வாய்ப்பு 7,792-இல் ஒன்று என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். 1982 பிப்ரவரியில் வேய்ன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞருக்குத் தண்டனை.

நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. உடல்களில் இழை கிடைக்கிறது என்று பத்திரிகையில் செய்தி வந்ததும், அதற்குப் பிறகு உடல்கள் ஆடை களையப்பட்டு ஆற்றில் கிடந்தன. தண்ணீர் இழையை அடித்துக்கொண்டு போகும் என்று கொலைகாரனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, தண்டனை வயது வந்த இருவரின் கொலைக்கு மட்டும்தான். குழந்தைகளின் வழக்குகளில் பெரும்பாலானவை தனி விசாரணையே இல்லாமல் மூடப்பட்டன. தாய்மார்களில் பலர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஜேம்ஸ் பால்ட்வின் அதைப் பற்றி 1985-இல் ஒரு நூலே எழுதினார். 2019-இல் நகர மேயர் பழைய தடயங்களை மறுபடி சோதிக்க உத்தரவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்துச் சோதிக்க முடிந்ததற்குக் காரணம், அன்று எடுத்தவற்றைப் பாதுகாத்து வைத்திருந்ததுதான்.

இனி நம் வழக்குகளுக்கு வருவோம். 2003 ஜூலை 8 அன்று விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி, முருகேசன் இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். தண்ணீர் செய்வதை நெருப்பு இன்னும் வேகமாகச் செய்யும். உள்ளூர்க் காவல்துறை குற்றம் செய்தவர்களோடு பாதிக்கப்பட்டவர் தரப்பையும் குற்றவாளியாக்கி வழக்கைப் புனைந்தது. சிபிஐ வந்து, 18 ஆண்டுகள் கழித்து 2021-இல் தீர்ப்பு வந்தது. காவல் அதிகாரிகள் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜ் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார். தண்டவாளத்தில் உடல், தற்கொலைக் கடிதம். தற்கொலை என்று முடிக்க எல்லாம் தயாராக இருந்தது. உடன் இருந்த முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். பிறழாமல் நின்றது கோயிலின் கண்காணிப்புக் கேமரா. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்படப் பத்துப் பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூனில் முக்கியத் தண்டனைகளை உறுதி செய்தார்கள்.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சி பிறழ்வது ஏன் என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி சொல்கிறவர் அதே ஊரில், அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்து, அவர்கள் தெரு வழியாகத் தண்ணீர் எடுத்து வாழ வேண்டும். கேமராவுக்கும் கைபேசிக்கும் இழைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஓர் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அது பல காலமாக நடந்துவந்த கொடுமை. ஒருவர் கைபேசியில் எடுத்த காட்சி வெளியே வந்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது.

சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்பது 1995 விதிகளில் 7-ஆவது விதி. வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 15அ பிரிவு தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும், அதைக் காணொளியும் எடுக்க வேண்டும் என்கிறது. இதை முழுமையாகச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதுவரை கேட்டால்தான் வருவார்கள். ஆகவே எழுத்தில் கேட்க வேண்டும்.

கூட்டங்களில் நாங்கள் சொல்வது இவைதான். உயிர் இருக்க ஒரு துளி வாய்ப்பு இருந்தாலும் முதலில் உயிர், தடயம் பிறகு. தொங்குபவரை இறக்கும்போது முடிச்சை அவிழ்க்காதீர்கள், முடிச்சு இல்லாத இடத்தில் வெட்டுங்கள். ஒட்டிய டேப்பை உரிக்காதீர்கள், அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவரோ தடய நிபுணரோ. உடலைக் குளிப்பாட்டாதீர்கள். துணியைத் துவைக்காதீர்கள், உதறாதீர்கள். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால் அன்று உடுத்தியிருந்ததை அப்படியே வையுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். சம்பவ இடத்தில் நீங்களாக எதையும் பொறுக்காதீர்கள். யாரையும் உள்ளே விடாமல் காவல் இருங்கள், தூர நின்று படம் எடுங்கள். போலீஸ் எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளும் மகஜரில் எழுதப்பட்டதா, படிவம் 95-இல் நீதிமன்றத்துக்குப் போனதா என்று வழக்கறிஞர் மூலம் பாருங்கள். கைகளில் டேப் எடுக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையைக் காணொளி எடுக்க வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். மறுத்தால், மறுத்த தேதியும் நேரமும் நம் கையில் இருக்கும். மேல் நீதிமன்றத்தில் அதற்கும் மதிப்பு உண்டு.

அரசின் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் துணித் துண்டுகளைப் பொறுக்கியது அரசின் ஆட்கள்தான். அதே துறை, அதே ஆய்வகங்கள்தான் நமக்கும். அவர்களை நம் வாசலுக்கு வரவைப்பது நம் போராட்டத்தின் ஒரு பகுதி. வரும்வரை தடயம் அழியாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பகுதி.

போன மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாயும் வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார், எதுவும் பேசவில்லை. கூட்டம் முடிந்து காகித உறைகளை எடுத்துக் கட்டும்போது கிட்டே வந்து, "எங்க தெருவுக்கு ரெண்டு குடும்மா, வீட்ல வெச்சிருக்கேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.